மூச்சு வாங்கும் பச்சிளங்குழந்தையின் தைராய்டு சீட்டை எப்படிப் படிப்பது?

இரவுப் பணி முடிந்து காலையில் வெளியே வரும்போது, பச்சிளங்குழந்தைகள் வார்டின் வாசல் திண்டில் யாராவது ஒருவர் லேப் சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் குழந்தையின் அப்புச்சியாக இருக்கும். பெற்றவள் ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பாள், தகப்பன் பனியன் கம்பெனியில் லீவு சொல்லப் போயிருப்பான். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நிற்பார். "அம்மிணி, இதைக் கொஞ்சம் பாரு சாமி. டி3-னு போட்டுப் பக்கத்துல எல்-னு இருக்குது. தைராய்டுங்கறாங்க. பிள்ளையை மூச்சுக்குத்தானே சேர்த்தோம்?"

ஈரோடு மாவட்டத்தில் 19 வருடமாக நர்ஸாக இந்த வார்டு வேலைதான் பார்க்கிறேன். அந்தத் திண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். குழந்தை வார்மரில் (கதகதப்பு தரும் படுக்கையில்) இருக்க, நீங்கள் வெளியே சீட்டோடு நிற்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு முதல் வாரத்தில் எடுத்த தைராய்டு டெஸ்ட் பெரும்பாலும் குழந்தை எவ்வளவு சுகவீனமாக இருக்கிறது என்பதைத்தான் காட்டும். தைராய்டு சுரப்பி எப்படி இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வது, சில வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது டெஸ்ட்.

சரி, சீட்டுக்கு வருவோம்.

எண்ணுக்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் யாராவது ஒரு விலை சொன்னால், "அது எந்த நாள் விலை?" என்று உடனே கேட்கிறோம் இல்லையா? தைராய்டு எண்ணுக்கும் அதே கேள்விதான். குழந்தை பிறந்த தேதியும் மணியும், ரத்தம் எடுத்த தேதியும் மணியும், குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல யாராலும் முடியாது.

காரணம் இதுதான். வயிற்றுக்குள் கதகதப்பாக இருந்த குழந்தை வெளியே குளிருக்கு வந்தவுடன், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. பிறந்த அரை மணி நேரத்தில் அது 60, 70, 80 என்று எகிறும். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே அப்படித்தான். அதன் தூண்டுதலில் தைராய்டு ஹார்மோன்களான டி4, டி3 இரண்டும் முதல் ஒன்றரை நாளுக்கு ஏறும். அப்புறம் டிஎஸ்எச் மளமளவென்று இறங்கி, முதல் வாரம் முடிவதற்குள் பெரும்பாலும் 10-ஐ ஒட்டி வந்துவிடும். ஆகவே பிறந்த 8 மணி நேரத்தில் 35 என்று வந்தால் கவலை இல்லை. அதே 35 ஐந்தாம் நாள் வந்தால் டாக்டர் அன்றே பேசியாக வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த ஏற்றம் அவ்வளவு உயரம் போகாது. 28, 30 வாரத்தில் பிறந்தவர்களுக்கு டி4 ஏறுவதற்குப் பதில் இறங்கவே செய்யும். இரண்டாவது வாரம் வரைகூடக் குறைவாக இருந்துவிட்டு, பிறகு தானாக ஏறும்.

இன்னொன்று, சீட்டின் வலது ஓரத்தில் 'நார்மல் அளவு' என்று அச்சடித்திருப்பது பல லேப்களில் பெரியவர்களுக்கான அளவு. அதோடு ஒப்பிட்டு கம்ப்யூட்டர் போடும் எச் (அதிகம்), எல் (குறைவு) எழுத்துகளைப் பச்சிளங்குழந்தைக்கு நம்ப வேண்டாம். "இது குழந்தையோட வயசுக்கு, வாரத்துக்கு எப்படீங்க இருக்குது?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சு எவ்வளவு மோசம் என்று பார்ப்பது

இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். தைராய்டு எண் இந்த மூச்சைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

உள்ளே விடும்போது குழந்தையின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். ஒரு நிமிடம் நெஞ்சைப் பாருங்கள். துணி விலகியிருக்கும்போது வயிறு ஒரு முறை எழும்பி அமர்வது ஒரு மூச்சு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகிவிடும். பச்சைப்பிள்ளை நாலைந்து மூச்சு வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி விடும். நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை சரி. 60-க்கு மேல் போனால் வேகம்.

அடுத்தது விலா எலும்புக்குக் கீழே. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் பள்ளமாக உள்ளே இழுபடுகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? காதைக் கொடுத்துக் கேளுங்கள், மூச்சு விடும்போதெல்லாம் ஒரு முனகல் வருகிறதா? 'ங்ஹ்... ங்ஹ்...' என்று வரும். வலியால் முனகுகிறது என்று பாட்டிமார்கள் கலங்கிப்போவார்கள். நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க, குழந்தை தொண்டையை இறுக்கி உள்ளே காற்றைப் பிடித்து வைக்கிறது. அதன் சத்தம் அது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்தச் சின்ன உயிர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை. இத்தனை வருடம் கேட்டும் எனக்கு அந்தச் சத்தம் பழகவில்லை.

நாங்கள் இதையெல்லாம் எண்ணாக மாற்றி எழுதுவோம். டவுன்ஸ் ஸ்கோர் என்று பெயர். மூச்சின் வேகம், நெஞ்சு உள்வாங்குதல், முனகல், நீலம் பாய்தல், ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் காற்றோட்டம் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் 10. நாலுக்குக் கீழே இருந்தால் லேசு, ஏழைத் தொட்டால் மூச்சு மெஷினுக்குத் தயாராகிவிடுவோம். குறைமாதக் குழந்தைக்கு சில்வர்மேன் ஸ்கோர் என்று இன்னொன்று உண்டு, அதுவும் பத்துக்குத்தான். "ஸ்கோர் எத்தனைங்க சிஸ்டர்? நேத்து எத்தனை இருந்துது?" என்று தயங்காமல் கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மூச்சுத் திணறல் கூடக் கூட டி3-யும் டி4-ம் குறையும். குழந்தை தேற ஆரம்பித்தால் இரண்டும் மேலே வரும். பல நாட்டு ஆய்வுகளில் கண்டது இது, எங்கள் வார்டிலும் அப்படித்தான் பார்க்கிறோம். முழு மாதத்தில் சிசேரியனில் பிறந்து, நுரையீரலில் நீர் வற்றத் தாமதமாகி, இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டுப் போகும் குழந்தைக்குச் சீட்டில் பெரிய மாற்றம் இருக்காது. பக்கத்து வார்மரில் 30 வாரத்தில் பிறந்து வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு டி3 தரையைத் தொட்டிருக்கும்.

கிணற்றில் ஊற்றுக் குறைந்த வருடம் நம்ம ஊர் விவசாயி என்ன செய்வார்? மோட்டாரைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, உயிர்த்தண்ணி விடுவார். உடம்பும் அதையே செய்கிறது. டி4 என்பது இருப்பு, டி3 என்பதுதான் வேலை செய்யும் ஹார்மோன். உடம்பு நோயோடு போராடும்போது டி4-ஐ டி3-யாக மாற்றுவதைக் குறைத்து, வேலை செய்யாத இன்னொரு வடிவமாக மாற்றிவிடுகிறது. ரிவர்ஸ் டி3 என்று அதைச் சொல்வார்கள். செலவைக் குறைக்கிற ஏற்பாடு. பிட்யூட்டரியும் அந்த நேரத்தில் சும்மா இருக்கும். அதனால்தான் டி3, டி4 குறைந்தும் டிஎஸ்எச் ஏறாமல் நிற்கும்.

"அப்போ தைராய்டு மருந்து குடுத்தா மூச்சு சரியாகிடுமுங்களா?" இதை எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வயிற்றில் நுரையீரல் பக்குவமாக தைராய்டு ஹார்மோனும் ஒரு கை கொடுக்கிறது. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற வழவழப்பு உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு. இதை நம்பித்தான் 1990-களில் சில நாடுகளில், குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்மார்களுக்கு, குழந்தையின் தைராய்டைத் தூண்டும் ஊசியை ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் பலன் கிடைக்கவில்லை. குறைந்த டி4-ஐப் பார்த்து எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் தைராய்டு மருந்து கொடுப்பதாலும் மூச்சுத் திணறல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூச்சுக்கு மருந்து சி-பேப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் கருவி), ஆக்சிஜன், தேவைப்பட்டால் சர்பாக்டன்ட், கதகதப்பு, தாய்ப்பால். அவற்றைச் சரியாகச் செய்தால் எண் தானாக மேலே வரும்.

பலன் தந்தது ஸ்டீராய்டு ஊசி. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 34 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ, தாய்க்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் முதல் ஊசியை அங்கேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு வந்தால், வழியில் போகும் நேரம் வீணாகாது. போட்ட மணியைத் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

எது சும்மா விடக்கூடாத சீட்டு?

டிஎஸ்எச் இயல்பு, டி3 குறைவு, டி4 கொஞ்சம் குறைவு, குழந்தைக்கு மூச்சுத் திணறல். இது நோயின் நிழல். காத்திருந்து மறுபடி பார்க்கலாம்.

இரண்டு, மூன்று நாள் கடந்தும் டிஎஸ்எச் அதிகம், டி4 குறைவு. இது சுரப்பியின் கோளாறு. மூச்சு மோசமாக இருப்பதால் வந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நோயின் நிழல் டிஎஸ்எச்சை இப்படி ஏற்றாது. நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பிறந்ததும் எடுக்கும் முதல்கட்டச் சோதனையான ஸ்கிரீனிங்கில் டிஎஸ்எச் 40-க்கு மேல் இருந்தால், அந்த ரத்தத்தை எடுத்தவுடன், ரிசல்ட்டுக்குக் காத்திராமலே மருந்து தொடங்குவார்கள். பிறவித் தைராய்டு குறைபாடு நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம்.

மூன்றாவது ரகம் கொஞ்சம் ஏமாற்றும். டிஎஸ்எச் இயல்பாகவே இருக்கிறது, குழந்தையின் மூச்சு தேறிவிட்டது, ஆனால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) மட்டும் ஏறவே இல்லை. கூடவே சர்க்கரை அடிக்கடி இறங்குகிறது, அல்லது ஆண் குழந்தைக்குக் குறி மிகச் சிறியதாக இருக்கிறது. அப்போது பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அரிதுதான், ஆனால் கேளுங்கள்.

எண்ணைக் குழப்புகிற சில விஷயங்களை நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாளா, அதுவும் அதிகத் தைராய்டுக்கான கார்பிமசோலா? தொப்புளில் வீட்டார் யாராவது பீட்டாடின் தடவினார்களா? பச்சைத்தோல் அதிலிருக்கும் அயோடினை உறிஞ்சிக்கொள்ளும், சுரப்பி கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் செய்துவிடும். தொப்புளில் எதுவும் தடவாமல் காய விடுவதே நல்லது. குழந்தைக்கு டோபமின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ட்ரிப் ஓடுகிறதா, ஸ்டீராய்டு போகிறதா என்றும் கேளுங்கள், இரண்டும் டிஎஸ்எச்சை அமுக்கும். ரத்தம் ஏற்றிய பிறகு டெஸ்ட் எடுத்திருந்தால் ஏற்றிய ரத்தத்தின் அளவும் அதில் கலந்திருக்கும்.

இரண்டாவது டெஸ்ட்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. 31 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, சென்னிமலைப் பக்கம் தறிக்காரக் குடும்பம். மூச்சுத் திணறலோடு வந்து, ஒரு வாரம் சி-பேப்பில் இருந்து, தேறி வீட்டுக்குப் போனாள். முதல் தைராய்டு டெஸ்ட்டில் டிஎஸ்எச் இயல்பு. 'இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கவும்' என்று டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஃபைலைக் கையில் கொடுத்தது நான். பாலாடையில் எப்படிப் புகட்டுவது, கங்காரு முறையில் நெஞ்சோடு எப்படி அணைப்பது எல்லாம் சொன்னேன். அந்த வரியைத் தமிழில் சொல்லவில்லை.

மூன்றரை மாதம் கழித்து இருமலுக்காக வந்தார்கள். ஆத்தா பெருமையாகச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "எங்க பேத்தி சாதுங்க சிஸ்டர். பசிச்சாக்கூட அழுகமாட்டா. தூங்கீட்டே இருப்பா." குழந்தையைக் கையில் வாங்கினேன். தோல் சில்லென்று இருந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது. அழுதபோது குரல் கரகரத்தது. நாக்கு உதட்டைத் தாண்டி நின்றது. டிஎஸ்எச் நூறுக்கு மேல். அன்றே மருந்து தொடங்கினார்கள். இப்போது அவளுக்கு ஏழு வயது. நடந்ததும் பேசியதும் தாமதம், பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறச் சிரமப்படுகிறாள்.

குறைமாதக் குழந்தையின் பிட்யூட்டரியும் பக்குவப்படாதது. சுரப்பி பழுதாக இருந்தாலும் டிஎஸ்எச்சை ஏற்ற அதற்குச் சில வாரம் ஆகும். முதல் டெஸ்ட் 'நார்மல்' என்று வருவது அதனால்தான். குறைமாதம், எடை குறைவு, இரட்டைக் குழந்தை, தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தை என்றால் 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும்.

எப்படி மறக்காமல் இருப்பது? டிஸ்சார்ஜ் அன்று தேதியைத் தமிழில் எழுதி வாங்குங்கள். 'இரண்டு வாரம் கழித்து' என்று எழுதினால் போதாது, நாளும் கிழமையும் வேண்டும். உங்கள் ஊர்ச் சந்தை நாளோடு சேர்த்துச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் நிற்கும். "ரெண்டாஞ் சந்தை கழிச்சு வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ரத்தம் எடுக்கோணும்" என்று ஆத்தாவிடமும் அப்பாரிடமும் சொல்லிவிடுங்கள். குழந்தை அதற்குள் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாறினால், அது கோவையோ பெருந்துறையோ, முதல் சீட்டும் இந்தத் தேதியும் கூடவே போக வேண்டும்.

தேதி வரும் வரை காத்திராமல் ஓடி வர வேண்டிய அடையாளங்கள்: இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், பாலுக்கு எழுப்பினாலும் எழாத தூக்கம், சில்லென்ற உடம்பு, கரகரத்த அழுகை. மறுபடி மூச்சு 60-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு இழுத்தாலோ, உதடு நீலமானாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சாது என்று யாராவது பாராட்டினால் ஒரு முறை யோசியுங்கள். கழுதைப்பால் புகட்டினால் மூச்சு சரியாகும் என்று தெருவில் வருகிறவர்களிடம் வாங்காதீர்கள். பச்சைப்பால் கிருமியைத்தான் கொண்டுவரும்.

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டால்

லெவோதைராக்சின் என்ற மாத்திரை. எடைக் கிலோவுக்குத் தினம் 10 முதல் 15 மைக்ரோகிராம் என்று டாக்டர் கணக்குப் போடுவார். இரண்டரைக் கிலோ குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றோ ஒன்றரையோ வரும். இரண்டு எவர்சில்வர் ஸ்பூனுக்கு நடுவே வைத்து நசுக்கி, பாலாடையில் பீய்ச்சிய தாய்ப்பால் ஒரு ஸ்பூனில் கரைத்து, அப்போதே புகட்டுங்கள். பாலாடையின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் இன்னும் சில சொட்டுப் பால் விட்டு அதையும் கொடுங்கள். முழு வேளைப் பாலில் கலந்தால் பாதி மிச்சமாகும், மருந்தும் பாதி போகும்.

குறைமாதக் குழந்தைக்கு அயர்ன் சொட்டும் கால்சியம் சொட்டும் எழுதியிருப்பார்கள். இதோடு சேர்த்துக் கொடுத்தால் தைராய்டு மருந்து உடம்பில் ஏறாது. காலையில் முதலில் இது, நாலு மணி நேரம் கழித்து அவை. மருந்து தொடங்கிய இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், குழந்தையின் எடை ஏற ஏற அளவு மாறும். நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டர் யோசிப்பதே மூன்று வயதுக்கு மேல்தான்.

டெஸ்ட் அன்று குழந்தையைப் பட்டினி போட வேண்டாம், பால் கொடுத்தே கூட்டி வாருங்கள். குதிகாலில் குத்தி எடுப்பதாக இருந்தால், கிளம்பும் முன்பே காலுறை போட்டு, பஸ்ஸில் பாதத்தை உங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். கதகதப்பான காலில் ஒரே குத்தில் சொட்டு விழும். ரிசல்ட் என்று வரும், யாரிடம் கேட்பது என்று விசாரித்து, அந்த வார்டின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அவர்கள் கூப்பிடவில்லை என்றால் நீங்கள் கூப்பிடுங்கள்.